பாத்தியளா மேடம்

எங்கள் ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'பாத்தியளா மேடம்'. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி இங்கே யாரும் கூப்பிட்டதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். குடிநீர்த் தொட்டிகளைப் பார்வையிடும் பொறியாளராகக் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். எனக்கு நாற்பத்தைந்து. அரியூர் நாடு என்கிற மலையூர்த் தொகுதியில் எங்கள் ஊர்த் தொட்டிக்கு நான் ஆப்பரேட்டர்.

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "பாத்தியளா, கேட்டியளா?"

வந்த முதல் நாளே என்னிடம் கேட்டார். ஓடைப் பக்கம் மோட்டார் அறையைப் பார்க்கக் கிளம்பியவரிடம், "தனியாப் போவாதீங்க மேடம், கரடி திரியுதுங்க" என்றேன்.

"அண்ணாச்சி, நீங்க பாத்தியளா, கேட்டியளா?"

"கேட்டதுதானுங்க."

"யாரு பாத்தா?"

நான் ஒருவரைச் சொன்னேன். அவரிடம் போய்க் கேட்டார். அவர் இன்னொருவரைக் கைகாட்டினார். இப்படி நாலு வீடு ஏறி இறங்கினார். எங்கள் ஊரில் கதவைத் தட்டி இப்படிக் கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்து வழக்கமில்லை. பின்னால் நடந்துபோன எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. ஐந்தாவதாக, தேன் எடுக்கப் போகிற ஓர் ஆள் அவரை ஓடைக்கரைப் பலாமரத்துக்குக் கூட்டிப்போய், பட்டையில் இருந்த நகக்கீறலைக் காட்டினார். கீறலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கரடி இருக்கு அண்ணாச்சி. இனிமே நான் தனியாப் போமாட்டேன்."

பேய், பிசாசு, பக்கத்து வீட்டுச் சண்டை எதுவானாலும் அவருக்கு அளவு அது ஒன்றே. பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், எதிர்க் கேள்வி கிடையாது. அப்படியே எடுத்துக்கொள்வார். ஏன் இப்படி ஆனார் என்று ஊருக்குள் இரண்டு மூன்று கதைகள் உண்டு. எல்லாம் காதில் விழுந்தவை. அவற்றை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்கு மேலே மேட்டைச் சமன்செய்து நிறுத்திய பெரிய இரும்புத் தொட்டி அது. அதற்கு நேர் கீழே அங்கன்வாடியும் பத்துப் பன்னிரண்டு வீடுகளும். மலைத் தண்ணீர் இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். உள்ளே பூசிய பெயிண்டில் ஊசிமுனை அளவு விரிசல் விட்டாலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தொட்டிக்குள் மேலிருந்து சில கம்பிகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெளியே சுவரில் ஒரு மின்பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டியின் பிளஸ் ஒயர் கம்பிகளுக்கு, மைனஸ் ஒயர் தொட்டிச் சுவருக்கு.

"இரும்பு தண்ணியில நின்னா கொஞ்சங் கொஞ்சமா தண்ணிக்குள்ள போயிரப் பாக்கும், அண்ணாச்சி" என்று அவர் எனக்கு விளக்கியிருந்தார். "நாம எதிர்ப் பக்கமிருந்து லேசா கரண்டைத் தள்ளுதோம். போகப் பாக்குத இரும்பு போக முடியாம அங்கனயே நின்னுக்கிடும். கரையணும்னா அந்தக் கம்பி கரையட்டும், தொட்டி கரையக் கூடாது. அம்புட்டுதான்."

பெட்டியின் முள் எங்கே நிற்கிறது என்று தினமும் குறிப்பது என் வேலை. அதோடு வாரம் ஒரு முறை ஏணியில் ஏறி, மயில்துத்தக் கரைசல் அடைத்த ஒரு சிறு குழாயைத் தண்ணீரில் இறக்கி, மீட்டரில் வருகிற எண்ணை எழுதவேண்டும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கவேண்டும். எண்ணூற்றைம்பதுக்குக் குறையக் கூடாது. "பெட்டி முள்ளு, கரண்டு போவுதுன்னு மட்டுந்தான் சொல்லும். எங்க போவுதுன்னு சொல்லாது. அத இந்தக் குழாய்தான் சொல்லும்" என்பார். நாலு மாதத்துக்கு ஒருமுறை அவரே வந்து அளப்பார்.

தண்ணீரில் கரண்டு விடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரில் பாதிப் பேர் குழாயடிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வயிற்றுவலி, தலைச்சுற்றல் எல்லாவற்றுக்கும் தொட்டிதான் காரணம். மேடம் வந்து குழாயடியில் நின்று கேட்டார். "யாருக்காச்சும் ஷாக் அடிச்சுதா? பாத்தது மட்டும் சொல்லுங்க."

கூட்டம் சலசலத்தது. எல்லாம் கேள்விப்பட்டவர்கள். செல்லாயி மட்டும், "எனக்கு அடிச்சுதுங்க. ரெண்டு வாட்டி" என்றாள். செல்லாயி கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுகிறவள். எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. "எங்க நின்னிய? காலுல செருப்பு இருந்துச்சா? எந்தக் கை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவளையே முன்னால் நடக்கவிட்டு, அவள் காட்டிய குழாயில் மீட்டரை வைத்தார். மோட்டாரிலிருந்து கரண்டு கசிந்து அந்த ஒரு குழாய்க்கு வந்துகொண்டிருந்தது. தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்று சரிசெய்யாமல் விட்டிருந்தால் மழைக்காலத்தில் யாரையாவது அடித்துப் போட்டிருக்கும்.

அதற்குப் பிறகு செல்லாயி, மேடம் வந்தால் கருப்பட்டிக் காப்பி இல்லாமல் அனுப்பமாட்டாள்.

ஐப்பசியில் இடி விழுந்து தொட்டியின் மின்பெட்டி கருகியது. புதுப்பெட்டி பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தது. மாட்ட வேண்டிய எலக்ட்ரீசியன் முருகேசன் வரவில்லை. மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சியில் கடை வைத்திருப்பவர். எங்கள் துறை வேலைகளை ஒப்பந்தத்தில் செய்துவந்தார். அதற்குள் வளைவுகளில் மண் சரிந்து ரோடு அடைந்துவிட்டது. "ரெண்டு நாள் பொறுங்க, வந்துடறேன்" என்று போனில் சொன்னார்.

நான் பொறுக்கவில்லை. இரண்டே இரண்டு ஒயர். மோட்டாரையே பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்தவன் நான். கருகியதில் இரண்டு ஒயரும் கருப்பாகி நிறம் தெரியவில்லை. ஊகித்து ஒரு பக்கம் மாட்டினேன். விளக்கு எரிந்தது, முள் எழுந்து வழக்கமான இடத்தில் நின்றது. மறுநாள் மேடத்துக்குப் போன் பண்ணி, "பொட்டி மாட்டியாச்சுங்க மேடம், எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார். ரோடு திறந்ததும் முருகேசனை வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் ஏணியில் கால் வழுக்கி முழங்கால் வீங்கியது. அதனால் ஏறி அளக்கவில்லை. பழைய எண்ணையே கொஞ்சம் மாற்றி எழுதிவைத்தேன். அடுத்த வாரம் மழை. அதற்கு அடுத்த வாரம் காரணமே தேவைப்படவில்லை. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, தொள்ளாயிரத்து எட்டு, தொள்ளாயிரத்துப் பதினைந்து. உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். தை பிறந்ததும் பெண்கள், "ஏனுங்க, தண்ணி செவசெவன்னு வருதுங்க" என்றார்கள். மழைச் சேறு என்று சொன்னேன். மழை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது.

மாசியில் ஒரு நாள் காலையில் மேடம் வந்தார். மறுநாள் ஊர்க்கவுண்டர் மகளுக்குக் கல்யாணம். தொட்டிக்குக் கீழே பந்தல் போட்டு, ஒரம்பரைச் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்காகத் தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தேன்.

அவர் ஏணியில் ஏறிக் குழாயை இறக்கினார். மீட்டரைப் பார்த்தார். குழாயை வெளியே எடுத்து, நுனியைத் துடைத்து, மறுபடி இறக்கினார். மீட்டரின் பேட்டரியை மாற்றினார். வேறொரு மூலைக்குப் போய் இறக்கினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்து மீட்டரை என்னிடம் காட்டினார். எண் இருந்தது. முன்னால் மைனஸ் குறி இல்லை.

பெட்டியை அணைத்தார். ஒயரை விரலால் தொட்டபடியே சுவர் வழியாக மேலே கம்பி வரைக்கும் போய் வந்தார். "மாறிக் கெடக்கு அண்ணாச்சி. கம்பிக்குப் போவ வேண்டியது தொட்டிக்குப் போயிருக்கு. நாலு மாசமா நாமளே கரண்டு வச்சுத் தொட்டியக் கரைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொட்டிய மாட்டுனது யாரு?"

"எலக்ட்ரீசியனுங்க. முருகேசன்."

"அவரு மாட்டுனத நீங்க பாத்தியளா?"

"பாத்தேனுங்க."

தலையாட்டினார். அவ்வளவுதான். என் ரீடிங் புத்தகத்தைப் புரட்டி, எண்களைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பையில் வைத்துக்கொண்டு தொட்டியின் அடிப்பக்கம் போனார். குனிந்து, தகடும் தகடும் சேரும் பற்றவைப்பு ஓரமாகக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். காசளவு ஈரம், அதிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. சாக்பீஸால் வட்டம் போட்டார். இரண்டடி தள்ளி இன்னொன்று. சுற்றி வந்தபோது பதினோரு வட்டங்கள். ஏழு, ஒரே ஓரத்தில் வரிசையாக. அந்த ஓரம் அங்கன்வாடியைப் பார்த்து இருந்தது. உள்ளே குழந்தைகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க. பந்தல்ல இருக்கவுகளையும், கீழ வீடுகள்ல இருக்கவுகளையும். தொட்டியக் காலி பண்ணணும்."

ஊர்க்கவுண்டர் வேகமாக மேலே ஏறி வந்தார். நல்ல மனிதர், அன்று கோபமாக இருந்தார். "ஏனுங்க மேடம், நாளைக்குக் கண்ணாலம். முந்நூறு பேரு வாராங்க. தொட்டியக் காலி பண்ணிப்போட்டா அவுங்களுக்கு என்னத்த ஊத்தறது? ரெண்டே நாளு பொறுங்க."

"பொறுக்க முடியாது அய்யா."

"தொட்டி உள்ள எறங்கிப் பாத்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேள்வியை அவரிடமே திருப்பிவிட்டார் கவுண்டர்.

"இல்லய்யா. உள்ள பாக்கலை. மீட்டரப் பாத்தேன், ஈரத்தப் பாத்தேன். கிழியும்னு நான் சொல்ல மாட்டேன். வெறும கசிஞ்சுக்கிட்டே கெடந்தாலும் கெடக்கும். ஆனா கிழியாதுன்னு சொல்லவும் என்னால முடியாது. கீழ புள்ளைக இருக்கு."

சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி மேலதிகாரிக்குப் போன் போட்டார். எதிர்ப்பக்கப் பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. இவர் பேசியது கேட்டது.

"சார், நீங்க சாயங்காலம் வந்து பாக்குத வரைக்கும் பொறுக்க முடியாது சார்... நெருக்கடி எனக்குத் தெரியுது... சரி சார், திறக்க வேண்டாம்னு நீங்க சொன்னதா நேரத்தோட எழுதிக்கிடட்டுமா?"

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் போல. இறங்கி வந்து, "அண்ணாச்சி, வால்வைத் திறங்க" என்றார்.

அடிவால்வை வருடக்கணக்காக யாரும் தொடவில்லை. இறுகிக் கிடந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் இரும்புக் குழாயை மாட்டித் தொங்கினோம். மூன்றாவது முறை அசைந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து என் பங்காளி மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டிருந்த காட்டுக்குள் போனது. அவர் காட்டிலிருந்தே கத்தினார். பெண்கள் அண்டா, டிரம், குடம் என்று கைக்கு வந்ததை எல்லாம் கொண்டுவந்து குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முடிந்தவரை பிடிக்கட்டும் என்று மேடமே சொல்லி அனுப்பியிருந்தார். கடைசியில் கவுண்டர் தானே போய்ப் பந்தலிலும் கீழ் வீடுகளிலும் இருந்தவர்களைக் கோயில் பக்கம் கிளப்பிவிட்டார்.

இரண்டு மணி நேரம் ஆனது. பாதிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் இருந்தது. எனக்குத் தைரியம் வரத் தொடங்கியது. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஒன்றும் ஆகாவிட்டால் ஊர் அவரைக் கிழித்துவிடும், என்னை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றும் நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கெட்டித் துணியை இழுத்துக் கிழித்தது போல. வரிசையாக இருந்த ஏழு வட்டங்களும் ஒரே கோடாகச் சேர்ந்து வாய் பிளந்தன. முழங்கை நீளம்தான் இருக்கும். அதிலிருந்து வந்த தண்ணீர் மேட்டோரக் கற்சுவரைத் தூக்கி எறிந்து, அங்கன்வாடியின் சமையலறைச் சுவரை உள்ளே தள்ளி, தகரக் கூரையோடு கீழே இழுத்துப்போனது. பந்தல் ஒரு பக்கம் படுத்தது. நாங்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். தண்ணீர் ஓய்ந்ததும் பெண்கள் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார்கள். அங்கன்வாடி ஆயா இரண்டு முறை எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

தொட்டி நிறைய இருந்தபோது கிழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பேசவில்லை. கவுண்டர் மேடத்தின் முன்னால் வந்து கைகூப்பினார். அவர் அதைச் சரியாகக் கவனிக்கவே இல்லை. நனைந்த கல்லில் உட்கார்ந்து, முட்டிமேல் எழுதும் அட்டையை வைத்து எழுதத் தொடங்கியிருந்தார்.

மேலதிகாரி ஜீப்பில் வந்தபோது மணி நாலு இருக்கும். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். "நல்லவேளைம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எலக்ட்ரீசியன் தப்புதானே? அப்படியே எழுதிடுங்க. ஒப்பந்தத்தை ரத்து பண்ணி, கேஸ் கொடுத்துடலாம். நம்ம பக்கம் ஒண்ணும் இல்லாமப் போயிடும்" என்றார்.

மேடம் நிமிர்ந்தார். "அப்படித்தான் எழுதியிருக்கேன் சார். அண்ணாச்சி பக்கத்துல நின்னு பாத்திருக்காரு."

என்னைச் சந்தேகப்படுகிறார் என்றால் என்னால் தாங்கியிருக்க முடியும். இரண்டு பொய்யோடு மூன்றாவது ஒன்றையும் சொல்லியிருப்பேன். அவர் சந்தேகப்படவே இல்லை. பார்த்தேன் என்று சொன்னதால், செல்லாயியை நம்பியது போலவே என்னையும் நம்பி, ஒரு குடும்பக்காரனை ஜெயிலுக்கு அனுப்பும் தாளில் என் பெயரைச் சாட்சியாக எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றேன். "நான் பாக்கலீங்க."

பேனா நின்றது.

"முருகேசன் வரவே இல்லீங்க. நாந்தானுங்க மாட்டுனேன். அந்த ரீடிங்கும் பொய்யிங்க. நாலு மாசமா ஏணி ஏறலீங்க."

மேலதிகாரி சலிப்போடு, "இதையெல்லாம் இப்ப ஏம்ப்பா சொல்ற?" என்றார். மேடத்தின் பக்கம் திரும்பி, "விடுங்கம்மா. இவர் ஏதோ பயத்துல உளர்றார். எழுதினது எழுதினபடி இருக்கட்டும்" என்றார்.

மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதா, கோபத்தில் சிவந்ததா, எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

"வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

என் தவறு இரண்டும் இருந்தன. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒன்று இருந்தது. புதுப்பெட்டி மாட்டியபின் பொறியாளர் நேரில் வந்து அளந்திருக்கவேண்டும். அளக்காமல், ஆப்பரேட்டர் போனில் சொன்னதை ஏற்றுக்கொண்டார். இது பொறியாளரின் தவறு என்று.

"இது எதுக்குங்க மேடம்?"

"நடந்ததுதான அண்ணாச்சி. அன்னைக்கு நான் ஒங்ககிட்டக் கேட்டிருக்கணும். கேக்கலை." பேனாவை என்னிடம் நீட்டிக்கொண்டே, "எம் மவன் ஆஸ்பத்திரியில கெடந்தான். சீக்கிரமா போன வச்சாப் போதும்னு இருந்துச்சு" என்றார்.

"அதையும் எழுதுங்களேன்."

"அது தொட்டிக்குத் தேவையில்லை."

எனக்கு ஆப்பரேட்டர் வேலை போனது. அவருக்குச் சம்பள உயர்வு நின்று, கடலோர ஊர் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. ஊரில் சிலர், பிள்ளைகளைக் காப்பாற்றிய அம்மாவை இப்படிப் பண்ணிவிட்டாயே என்று என்னைத் திட்டினார்கள். சிலர், உன்னை விட்டுவிட்டிருக்கலாமே அந்த அம்மா என்றார்கள். கொஞ்ச நாள் எனக்கும் அப்படித் தோன்றியது. அவர்மேல் ஆத்திரமாகக்கூட இருந்தேன். அந்த மூன்றாவது பத்தியை நினைத்தால் ஆத்திரம் தணிந்துவிடும். ஒரு சந்தை நாளில் பேளுக்குறிச்சிக்குப் போய் முருகேசனிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "போங்க, கடைக்கு ஆளு வந்திருக்கு" என்றார். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் முடியாது.

தொட்டியின் அடித்தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்து முடிக்க ஒரு வருடம் ஆனது. தண்ணீர் ஏற்றுகிற அன்று நான் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். யாரோ, "மேடம் வந்திருக்காங்க" என்றார்கள்.

அவருக்கு இப்போது இங்கே எந்தப் பொறுப்பும் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் பயணம்செய்து, பயணியாக பஸ்ஸில் வந்திருந்தார். புதிதாக வந்திருந்த பொறியாளருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. தொட்டிப் பக்கம் அவர் போகவில்லை. தண்ணீர் ஏற்றுவதால் பிள்ளைகளைக் கோயில் பக்கம் அனுப்பிவிட்டிருந்தார்கள். அங்கன்வாடி முற்றம் காலியாகக் கிடந்தது. அந்த முற்றத்தில், புதுப் பற்றவைப்புக்கு நேர் கீழே, தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தால் முதலில் விழும் இடத்தில் போய் நின்றுகொண்டார். புதுப் பொறியாளர் மேலேயிருந்து, "அங்க நிக்காதீங்கம்மா, தள்ளி நில்லுங்க" என்று கத்தினார். அவர் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பறித்த மிளகைக் கூடையோடு வரப்பில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை. மேலே இருந்தவர்கள் தொட்டி நிறைந்துவிட்டது என்று கை காட்டும்வரை, அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம், இருவரும் அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.